மாஸ்டருக்கு ரெண்டு வீடு

சாப்பாட்டு மேஜையின்மேல் குப்புறப் படுத்து மாஸ்டர் நீந்திக்கொண்டிருந்தார். முகத்துக்கு எதிரே, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்த செல்பேசி. அதன் திரையில் நாலைந்து பேர், அவரவர் வீட்டுக் கட்டிலிலும் ஸ்டூலிலும் வயிற்றை அழுத்திப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "முட்டிய மடக்காதீங்க! தொடையிலேர்ந்து வரணும் உதை. பேங்க் மேடம், நீங்க சைக்கிள் ஓட்டிட்டு இருக்கீங்க!" மேஜையின் மறுமுனையில் அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அந்தப் பக்கமா நீந்துங்க. கை கத்தியில படப்போகுது" என்றார், நிமிராமலே.

நகரசபை நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு மட்டும் கற்றுத்தருபவர் மாஸ்டர். "குழந்தைங்களுக்கு யார் வேணா சொல்லித்தரலாம். அதுங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. வீட்டுக்கடன் கட்டுறவனைத் தண்ணியில மிதக்க வைக்கணும், அதுதான் வித்தை" என்பார். குளத்துச் சுவர்கள் எதிரொலிக்கும் என்பதால் எப்போதும் உரக்கப் பேசிப் பழகியவர். வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து நீட்டிவிடுவார். குளித்துவிட்டு வந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் நாலு குதி குதித்துக் காதுத் தண்ணீரை இறக்குவார். ஒரு வாளித் தண்ணீரில் குளித்த நாளிலும் இதில் மாற்றமில்லை.

தொற்று வந்து குளத்தைப் பூட்டியதும் சம்பளமும் பூட்டிக்கொண்டது. வகுப்பு எடுத்தால்தான் கூலி என்கிற வேலை அது. மேஜை நீச்சலுக்குக் கட்டணம் வாங்கச் சொல்லி மாணவர்களே வற்புறுத்திப் பார்த்தார்கள். "தண்ணியையே கண்ணுல காட்டாம நீச்சலுக்குக் காசு வாங்குனா, என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று தட்டிக்கழித்தார். சேமிப்பு கரைந்து, மனைவி மளிகையைப் பாதியாக்கிய பிறகுதான் அரசாங்க நிவாரணத்துக்கு எழுதிப்போட்டார்.

நல உதவி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். பின்னணியில் ஒரு கைக்குழந்தை விடாமல் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சார், உங்க பேர்ல ரெண்டு வீடு இருக்கு. ரெண்டாவது வீடு சொத்துக் கணக்குல வந்துடும். அது இருக்கிறவரைக்கும் உங்களுக்கு நிவாரணம் கிடைக்காது."

"ரெண்டு வீடு இருக்கறது வாஸ்தவம்தாம்மா. ஒண்ணுல என் சம்சாரம் இருக்கா, இன்னொண்ணுல என் மாமா இருக்கார். ரெண்டுலயும் எனக்குச் செல்வாக்கு கிடையாது."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒரு வழியும் சொன்னார். நெருங்கிய உறவில் ஒரு முதியவர் அதில் குடியிருந்தால் அந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

"எந்த மாமா சார்? நெருங்கின உறவா?"

"தாய்மாமா. இதுக்கு மேல நெருங்கணும்னா அம்மா வயித்துக்குள்ளதான் போகணும்."

"அப்போ சிக்கல் இல்ல. வீடு உங்களோடது, அவர் சும்மா குடியிருக்கார்னு அவரே எங்ககிட்ட வாய்திறந்து சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அந்தப் பெண் எளிதாகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டு, காதில் தண்ணீரே இல்லாமல் ஒற்றைக் காலில் நின்றார்.

ஊரின் மறுகோடியில், அம்மா வழியில் வந்த ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீடு அது. மாமா சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். எந்திர இரைச்சலில் காது மந்தமாகி, கையில் ஒரு பெட்டியோடு கரையேறியபோது, அக்கா மகன் கொடுத்த இடம் அது. ஆனால் தெருவில் அவர் சொல்லிவைத்திருந்த கதை வேறு. கப்பல் சம்பாத்தியத்தில் தானே பேரம் பேசி வாங்கிய வீடாம். கூரை ஒழுகும்போதெல்லாம் மாஸ்டர் ஏணியோடு போவார். "ஆள் வரச்சொல்லியிருக்கேன்" என்று மாமா அக்கம்பக்கத்தில் அறிவிப்பார். எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை மாஸ்டரைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வாப்பா, கூலி என்ன கேக்கறே?" என்று விசாரித்தார். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் போய் அவர்கள் ஓட்டையும் அடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் மனைவிக்குப் புரை ஏறியது.

இப்போது மனைவி சிரிக்கவில்லை. "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா சொல்லிடுவார். அதான் கேக்கல."

"புரியல."

"தெருவுல அவர் நிமிர்ந்து நடக்கறதே அந்த வீட்டை வச்சுத்தான். அதை நானே எப்படிப் பிடுங்கறது?"

மைத்துனன் சொன்ன யோசனை இன்னும் சுருக்கமானது. பெரியவரை இங்கே கூட்டிவந்துவிட்டு வீட்டை விற்றுவிட வேண்டியது. அன்று மேஜையில் மாஸ்டர் உதைத்த உதையில் சொம்பு உருண்டு, செல்பேசி உண்மையாகவே தண்ணீரில் நீந்தியது.

மனைவி அவருக்குத் தெரியாமல் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாளே அலுவலகப் பெண் மாமாவையும் மாஸ்டரையும் ஒரே அழைப்பில் இணைத்தார். மாமாவுக்குக் காது கேட்காததால், செல்பேசியின் ஒலியை உச்சத்தில் வைத்து வாசலில் நின்று பேசுவதுதான் வழக்கம். ஊரடங்குக் காலம், தெருவே பால்கனியில் பொழுதுபோகாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, நீங்க இருக்கிற வீடு யாருதுங்க?"

மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நீருக்கடியில் அவரால் வெகுநேரம் அப்படி இருக்க முடியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது முடியவில்லை. "மாமா, உள்ளே போய்ப் பேசுங்க!" என்று கத்தினார்.

"நீ சும்மா இருடா! அந்தப் பொண்ணு கேக்குது இல்ல?" கப்பலின் அடித்தளத்துக்கும் எட்டுகிற குரலில் மாமா சொன்னார்: "இது என் அக்கா பையன் வீடும்மா! நான் ஓசியிலதான் இருக்கேன். இத்தனை வருஷத்துல அவன் வாடகைன்னு வாயே திறக்கல. திறந்திருந்தாலும் நான் குடுத்திருக்கமாட்டேன், அது வேற விஷயம். எழுதிக்கிட்டியா? எங்கே, திருப்பிச் சொல்லு!"

அலுவலகப் பெண் திருப்பிச் சொன்னார். குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. எங்கோ மேலேயிருந்து எதிர்வீட்டு அம்மாளின் குரல் கேட்டது: "அப்ப ஓட்டையடைக்க வந்த அந்த ஆளு...?"

"அவன்தாம்மா முதலாளி!" என்றார் மாமா. அத்துடன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நிவாரணம் வரத் தொடங்கியது. மளிகை முழுசாயிற்று. மேஜை வகுப்பில் பேங்க் மேடத்தின் முட்டியும் ஒருவழியாக நிமிர்ந்தது. ஆனால் மாமா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. காய்கறி வண்டி வந்தால் சன்னல் வழியாகக் கை மட்டும் நீள்கிறதாம்.

ஊரடங்கு தளர்ந்த முதல் மாலையில் மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, ஏணி இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனார். பால்கனிகள் நிறைந்திருந்தன. எதிர்வீட்டு அம்மாள் மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டார். மாஸ்டரின் சட்டைப்பையில் அந்த வீட்டின் சாவி இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அழைப்புமணியை அழுத்திவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, குளமே அதிர்கிற குரலில், "மாமா, நான்தான் வந்திருக்கேன்! உங்க வீட்டுக்குள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டு, கதவு திறக்கும்வரை கைகட்டி நின்றார்.