'ஃப்ளோட்' எழுதிய ஞாயிறு

1. காலையில் அப்பா பழைய வானொலி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு ஈயம் உருக்கிச் சால்டரிங் செய்தார்; குங்கிலியம் கருகும் வாசனை அடுப்படிவரை வந்தது.
2. பதினொரு மணிக்குப் பதிவேட்டில் 'ஃப்ளோட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினோம்.
3. மாலை டீ குடித்தபின் மூவரும் தனித்தனியாக ஒரு சீட்டில் ஓர் எண்ணை எழுதி மடித்தோம்.
4. மூன்று சீட்டிலும் பூஜ்யம் இருந்தது.
5. அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஏ.எஸ்.ராவ் நகரில் இரண்டு அறை வீடு. அப்பா பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். அம்மா பாளையங்கோட்டையில் தமிழ் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள். இங்கே அவள் படிப்புக்கு வேலை இல்லாததால், வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கிலும் ஹிந்தியிலும் பதில் சொல்லும் என் ஒருத்திக்கு மட்டும் ஆசிரியையாக இருந்தாள். அந்தப் பாடத்துக்காகத்தான் பதிவேடு. ஞாயிறுதோறும் ஓர் ஆங்கிலச் சொல். இடப்பக்கம் அதன் அர்த்தங்களை அப்பா சொல்லுவார், வலப்பக்கத்துக்குத் தமிழ்ச் சொற்களை அம்மா சொல்லுவாள், எழுதுவது என் வேலை.

அன்றைய பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கும் பந்து, குடியரசு தின அணிவகுப்பில் வரும் அலங்கார வண்டி, ஒரு யோசனையை நாலு பேர் முன்னால் சும்மா போட்டுப் பார்ப்பது, எதனோடும் இணைக்காமல் விட்ட ஒயர் என்று அப்பாவின் அர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஒயரைப் பற்றி மட்டும் அப்பா நீளமாகச் சொன்னார்: "கை கிட்ட போனா ஒண்ணுன்னு காட்டும், எடுத்தா பூஜ்யம்னு காட்டும். அது காட்டுறத நம்பப்படாது, பிள்ள." வலப்பக்கத்தில் மிதத்தல், மிதவை, தெப்பம், தூண்டில் தக்கை, மேகம் தவழ்தல், போக்கிடமின்றி அலைதல். கடைசியாக, தலைகால் புரியாமல் திரிவதற்கு ஊரில் சொல்லும் "மெதப்பு". நான் ஓரத்தில் 'தேலடம்' என்று தெலுங்குச் சொல்லையும் எழுதப்போக, "அதுக்கு வேற நோட்டு போடு, ஏட்டி. இதுல அதுக்கு எடமில்ல" என்று அம்மா சிரித்துக்கொண்டே அதைக் கோடிட்டு அடித்தாள். அடித்த கோடும் அப்படியே இருக்கிறது.

சீட்டு எழுதும் வழக்கம் அப்பாவின் தொழிலிலிருந்து வந்தது. அங்கே ஒரு கருவியின் முள்ளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் எழுதுவார்களாம். முன்னவர் எழுதியது தெரிந்தால் பின்னவர் கண்ணும் அதையே காணும் என்பார் அப்பா. கூலர் வாங்குவதா வேண்டாமா, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் முடிவானது. வேண்டுமென்றால் கூட்டல் ஒன்று, வேண்டாமென்றால் கழித்தல் ஒன்று, எதுவானாலும் சம்மதமென்றால் பூஜ்யம். எழுதியதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

அந்த வாரம் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து அம்மாவுக்குத் தமிழாசிரியை வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. போனால் அவள் மட்டும் போக வேண்டும். அப்பாவுக்கு இங்கே வேலை, எனக்கு இங்கே பள்ளி. சோறு வடிக்கும்போதுகூட அந்தக் கடிதத்தை அவள் இடது கையில் வைத்துப் படித்ததைப் பார்த்திருந்தேன். அடுத்த சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. அதனால் அவள் போவதா வேண்டாமா என்று எழுத, ஞாயிற்றுக்கிழமை அப்பா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை மூன்றாகக் கிழித்தார்.

நான் பென்சிலை அழுத்திக் கழித்தல் ஒன்று என்று எழுதினேன். பிறகு, அவள் கடிதம் படித்தது ஞாபகம் வந்து, ரப்பரால் அழித்துப் பூஜ்யம் போட்டேன். அப்பா மூன்று சீட்டையும் பிரித்து மேசைமேல் வரிசையாக வைத்தார். தொழிற்சாலையில் பூஜ்யம் என்றால் பிழை இல்லை என்று பொருள். அந்தப் பழக்கத்தில், முகம் மலர்ந்து, "மூணும் ஒத்துப்போச்சு, ஏளா. எர்ரர் ஸீரோ" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மூன்று சீட்டையும் ஒரு முறை பார்த்தாள். "அப்போ ஒரு வருசம் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்துபோய் ஸ்டூலைப் பரணுக்குக் கீழே போட்டாள். ஸ்டூல் ஆடாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. பெட்டிமேல் எவ்வளவு தூசி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் பத்தொன்பது வருஷமானது. சண்டை எதுவும் இல்லை. விடுமுறைகளில் அவள் வந்தாள், நாங்கள் போனோம். அடுத்த மூன்று ஞாயிறுகள் அப்பா புதிய சொற்களை எழுதச் சொன்னார். வலப்பக்கம் காலியாகவே நின்றது, பிறகு அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

போன வருஷம் பாளையங்கோட்டையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, நான் எதுவும் கேட்காமலே, "ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வேண்டாம்னு போடுவீங்கன்னு பாத்தேன். நானே எனக்கு எப்படிப் போட்டுக்கிடுறது?" என்றாள். பிறகு நூல்கண்டு கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, தான் வேண்டாம் என்று போட்டிருந்தால் அவளைக் கட்டிப்போட்டதாகியிருக்கும் என்றார்.

அளவுகள் எதையும் எறிந்துவிடாத அப்பா அந்த மூன்று சீட்டையும் 'ஃப்ளோட்' பக்கத்தின் எதிரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். என் சீட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பூஜ்யத்துக்கு அடியில் பென்சில் பதிந்த பள்ளம் தெரியும்: ஒரு சிறு கோடு, பக்கத்தில் ஒன்று. போன மாதம் அம்மா போனில், ஓய்வு பெற்றபின் "அங்க வரவா, இங்கயே இருக்கவா" என்று கேட்டாள். மறுநாள் பதிலாக அந்தச் சீட்டைப் படமெடுத்து, அழித்தது தெரிகிறதா என்று கேட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கண்ணாடி போட்டுப் பாத்தேன். முட்டைதான் தெரியுது."

இப்போதைய நிலை இது. அப்பா அதே வீட்டில் இருக்கிறார். நான் அதே ஊரில், கூகட்பள்ளியில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் அங்கே போகிறேன், சொல் எதுவும் எழுதுவதில்லை. பதிவேடு என் அலமாரியில் இருக்கிறது. அம்மா மே மாதம் ஓய்வு பெறுகிறாள். நேற்று அவளுக்கு, அது கழித்தல் ஒன்று, படத்தில் விழவில்லை என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள். இன்னும் பதில் வரவில்லை.