நார்மன் கேட்காத பெயர்

நார்மன் ஹெப்வொர்த் லீட்ஸ் நகரத்தில் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க ஜேசிபி ஓட்டியவர். ஆள் ஆறடி உயரம். குரல் அதைவிடப் பெரிது. பழைய நகரப்பகுதியில் எங்கே அஸ்திவாரம் தோண்டினாலும் பக்கத்தில் தொல்லியல்காரர் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும் என்பது விதி. பல வேலைகளில் அந்த ஆள் நான்தான். நான் கையைத் தூக்கினால் இயந்திரம் நிற்க வேண்டும். அதனாலேயே என்னை அங்கே யாருக்கும் பிடிக்காது. நார்மன் மட்டும் கிண்டலோடு நிறுத்திக்கொள்வார்.

"வந்துட்டாய்யா பானையோட்டுக்காரி! இன்னிக்கு யார் வீட்டு உடைஞ்ச கோப்பைக்காக என் வண்டிய நிறுத்தப் போற, கண்ணு?"

"உங்க தாத்தா வீட்டுதா இருந்தா சொல்லி அனுப்புறேன்."

"எங்க தாத்தாவா? அவரு பீர் பாட்டிலத் தவிர எதையும் உடைச்சதில்ல."

அந்த நவம்பரில் இடித்த தேவாலயம் ஒன்றின் பின்புறத்தில் தோண்டிக்கொண்டிருந்தோம். அங்கிருந்த கல்லறைகளை விக்டோரியா ராணி காலத்திலேயே வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாக எல்லோரும் நம்பினோம். மதில் ஓரமாக நார்மன் மண்ணைச் சுரண்டியபோது, மஞ்சள் களிமண்ணில் சின்னதாக ஒரு கருப்புச் செவ்வகம் தெரிந்தது. கையைத் தூக்கினேன். மண்டியிட்டுக் கரணையால் விலக்கினேன். மக்கிய பலகை, துருப்பிடித்த ஆணிகள், உள்ளே தீக்குச்சி கனத்தில் விலா எலும்புகள். பிறந்த அன்றே இறந்த குழந்தையாக இருக்கலாம்.

மேற்பார்வையாளன் கிரெய்க் ஓடிவந்தான். "பழசுதானே? எடுத்து ஓரமா வைங்க. கான்கிரீட் வண்டி வந்துட்டிருக்கு."

நார்மன் எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். "உன் தலையில கொட்டச் சொல்லுடா."

போலீசுக்குச் சொன்னேன். மறைப்புத் தட்டிகள் வந்தன. எலும்புகளை எடுக்க அரசு அனுமதி வரும்வரை அந்தப் பக்கம் வேலை இல்லை. நார்மன் வீட்டுக்குப் போகவில்லை. குழியைப் பார்த்தபடி நின்றவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எங்களுக்கும் ஒண்ணு இப்படிப் போச்சு. எழுபத்தி நாலுல. பொண்ணு. ஆஸ்பத்திரியில துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க, நான் மொகத்தக்கூடப் பாக்கல. 'நாங்க பாத்துக்கறோம், வீட்டுக்குப் போங்க, அடுத்தது பொறக்கும்'னாங்க. நானும் போயிட்டேன்."

"எங்க அடக்கம் பண்ணாங்க?"

"கேக்கலியே. என் பொண்டாட்டி டோரீன்கிட்டகூட அதப்பத்திப் பேசினதில்ல. பேசினா அழுவாளேன்னு." குழியைக் காட்டி, "இந்தப் பெட்டிய யாரோ கையால செஞ்சிருக்காங்க, பாத்தியா?" என்றார்.

அன்று மாலை சமையலறையில், டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் மனைவியிடம் கேட்டாராம்: "அவளுக்கு ஏதாவது பேரு வச்சிருந்தியா?"

டோரீன் நிமிர்ந்து பார்த்தார். "ரோஸ்மேரி. நீ ஒருநாளாவது கேப்பேன்னு இருந்தேன்."

அனுமதி வந்ததும் மீதி மண்ணை நார்மனே எடுத்தார். அவ்வளவு பெரிய இயந்திரத்தை அவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. மதிலை ஒட்டி இன்னும் சில சின்னப் பெட்டிகள் இருந்தன. அவர் ஒன்றைக்கூட இடிக்கவில்லை.

வசந்தத்தில் அவற்றை நகரக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தோம். கிரெய்க் வரவில்லை. நார்மன் இறுக்கமான பழைய கோட்டில் டோரீனோடு வந்திருந்தார். போதகர் ஜெபித்து முடித்து, இந்தக் குழந்தைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது என்றார். அப்போது நார்மன், "ரோஸ்மேரி ஹெப்வொர்த்" என்றார். அவள் இவர்களில் ஒருத்தி இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மகளைத் தேட இருவருக்கும் அந்தக் கோடைக்காலம் முழுக்க ஆனது. ஊரின் மறுகோடிக் கல்லறையில், பல குழந்தைகளுக்குப் பொதுவான ஒரு குழியில் அவள் இருந்தாள். மேலே வெறும் புல். டோரீன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும், தானும் பக்கத்தில் உட்கார்ந்ததாகவும் நார்மன் சொன்னார்.

"என்ன பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவ மூக்கு என்னுது மாதிரியாம்," என்றார்.