கரகரப்புக்கு ஒரு பெட்டி

கண்டிப் பக்கத்துக் கலியாணங்களுக்கு வாசிக்கிற ஓர் இசைக்குழுவில் நான் பல வருடமாகக் கிட்டார்க்காரன். கிழமை நாளில் கந்தோரில் எழுத்து வேலை, சனி ஞாயிறில் மேடை. போன வருடம் எங்கள் தலைவர் ஒரு புதுக் கீபோர்ட்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார், குழுவில் பாடுவதும் அவர்தான். வந்த கீபோர்ட்டில் இல்லாதது இல்லை. புல்லாங்குழல், நாதஸ்வரம், அதோடு கிட்டாரும். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கிட்டாருக்கே பட்டன் வந்தபிறகு எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் யோசித்தார்கள்.

ஒத்திகை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது தலைவர் பதமாகப் பேச்சை எடுத்தார். பழைய பாட்டொன்றின் நடுவில் ஒரு கரகரத்த கிட்டார் வரும். அது கீபோர்ட்டில் அப்படியே வருகிறதாம், என்னுடையதில் வரவில்லையாம்.

“கெலிஓயாக் கலியாணத்திலை பாப்பம். உம்மடை கிட்டாரிலை அந்தச் சத்தம் வராட்டி, பிறகு அவரையே வாசிக்க விடுவம். குறை நினையாதையும்.”

குறை நினைக்காமல் இருக்க நான் என்ன கல்லா? சிரித்துக்கொண்டு சரி என்று சொன்னேன்.

அந்தச் சத்தத்துக்கு ஃபஸ் என்று பெயர். அதை உண்டாக்குவது காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி, பெடல் என்பார்கள். உள்ளே போகிற நல்ல சத்தத்தைக் கெடுத்து வெளியே அனுப்புவதுதான் அதன் முழு வேலை. எங்கள் கந்தோரில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், என்ன, அவர்களைக் கிட்டாரில் பூட்ட முடியாது. செய்து முடித்த பெடலின் விலையைப் பார்த்துத் தலை சுற்றியதால், உதிரியாக வாங்கி நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

உதிரி என்று போனால் அதிலும் இரண்டு சாதி. ஒன்றில் சிலிக்கன் டிரான்சிஸ்டர், எங்கேயும் எப்போதும் ஒரே மாதிரி உழைக்கும். மற்றதில் பழைய காலத்து ஜெர்மேனியம். சத்தம் தேன் என்கிறார்கள், ஆனால் சூடு பட்டால் முரண்டு பிடிக்குமாம். இணையத்தில் வெள்ளைக்காரர்கள் இதற்காக ஆளையாள் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். அம்பிட்டியவில் இருக்கிறவனுக்கு என்ன சூடு? காலையில் குளிக்கவே மனம் வராது. ஜெர்மேனியத்தையே வரவழைத்தேன். கெலிஓயா மண்டபத்தின் தகரக் கூரை என் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஈயம் உருகிய புகை வீடெல்லாம் போனது. மனைவி சாம்பிராணி போட்டாள். இரண்டு புகைக்கும் நடுவில் இருமிக்கொண்டே பூட்டி முடித்தபோது மாலை ஐந்து மணி.

“இப்ப போடாதீங்க, ராகு காலம். ஆறு மணிக்கு மேல போடுங்க,” என்றாள்.

டிரான்சிஸ்டருக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது என்று ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவளோ அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். கழற்றிப் பார்த்தால், ஒரு வயரை டிரான்சிஸ்டரின் பக்கத்துக் காலில் ஒட்டியிருக்கிறேன். மாற்றி ஒட்டி மறுபடி மிதித்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. பெட்டி உறுமியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையில் ராகு, கேது எல்லாம் இருந்தது.

“கிரைண்டர்ல கல்லு விழுந்த மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?”

இதற்குத்தான் இவ்வளவு பாடும் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பாட்டின் நடுத்துண்டை வாசித்தேன். அதன் முடிவில் ஒற்றைக் கம்பியை இழுத்து நிறுத்தும் ஓர் இடம் உண்டு. அது மட்டும் ஒரு நாளும் சரியாக வரவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனாலும் கலியாணத்தன்று காலையில் பார்த்தால், பெடலில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

கெலிஓயாவில் சவுண்ட் பூட்டியவர் மடவளைக்காரர். அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளில் ஓர் இரைச்சல், ஒரு விசில் கேட்காது. அதுதான் அவருக்குப் பெயர். குங்குமம் வைத்த என் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஏதோ சாமிச் சாமான் என்று மரியாதையாக விலகிப்போனார். நானும் விளக்கம் சொல்லவில்லை.

மத்தியானம் தகரக் கூரை கொதித்தது. சனம் நிறைந்த மண்டபம், பின்வரிசையில் என் மனைவியும். பாட்டின் நடுத்துண்டு வந்தது, மிதித்தேன். சூட்டில் ஜெர்மேனியம் முரண்டு பிடித்தது. உறுமலோடு இருமியது, கிழிந்தது, சிதறியது. கடவுளே, என்ன அழகு! எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

திறந்து பார்த்தால், தலைவர் திகிலோடு ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சவுண்ட்காரர் மேடைக்குப் பாய்ந்து, ஒவ்வொரு மைக்காகப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் கீபோர்ட்டிடம் போய் அதன் வயரைப் பிடுங்கினார். அதே நொடியில் என் துண்டு முடிந்து நான் பெடலை அணைத்தேன். மண்டபத்தில் அந்த இரைச்சல் துப்புரவாக நின்றது. அவர் அந்த வயரைத் தூக்கிக் காட்டினார்.

“இதுலதான் ஈக்குது பிழை.”

சனம் கை தட்டியது. மிச்சப் பாட்டை ஊமைக் கீபோர்ட்டோடு முடித்தோம். சாப்பாட்டு மேசையில் தலைவரிடம் போய், அது பழுதில்லை, நான் வாசித்தது என்று சொன்னேன். பெடலை மிதித்தும் காட்டுகிறேன் என்றேன். அவர் என் தோளில் தட்டினார்.

“சும்மா இரும் ஐசே. கீபோர்ட்காரரின்ரை மானத்தைக் காப்பாத்தப் பாக்கிறீர். நல்ல மனம் உமக்கு. அந்த மிஷினை இனி நம்பேலாது. நீரே வாசியும். அந்தக் கரகரப்பு வராட்டிலும் பரவாயில்லை.”

கீபோர்ட்காரரும் என்னை நன்றியோடு பார்த்தார். பிழை தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பஸ்ஸில் கிட்டாரை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தேன். குழுவில் இடம் தப்பியது, வாசித்த பெயர் போனது. பக்கத்தில் மனைவி கலியாணக் கேக்கைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியில அந்த இழுப்பு இருக்குல்ல,” என்றாள். “வீட்டுல ஒரு நாளும் சரியா வந்ததில்ல. இன்னைக்கு வந்துருச்சு.”

பேராதனை வரும்வரைக்கும் நான் கிட்டார் உறைக்கு மேலாலேயே அந்த இழுப்பை விரலால் இழுத்துக்கொண்டு வந்தேன்.