கொமரலிங்கத்து ஓங்கிலும் மிச்சமான இரண்டு எலும்பும்

திருப்பூரிலிருந்து கொமரலிங்கம் போக எவனுக்கும் அவசரக் காரணம் இருக்காது. எனக்கு இருந்தது. அறுபத்தெட்டு ஆடி மாதம் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ஒரு கார்டு போட்டிருந்தார். "மாப்ளே, ஓங்கில் ஒன்று வந்திருக்கிறது, எலும்பு எலும்பாக. சனிக்கிழமைக்குள் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அறை போய்விடும். கம்பியோடு வரவும்."

ஓங்கில் என்றால் டால்பின். மச்சான் கொமரலிங்கத்தில் அறிவியல் வாத்தியார். தூத்துக்குடிப் பக்கம் கரை ஒதுங்கிய ஒன்றை அவருடைய கல்லூரித் தோழர் மணலில் புதைத்து வைத்து, சதை போனதும் எலும்பைத் தோண்டிச் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறார். பள்ளியில் காலியாக இருப்பது ஒரே அறை. அதை அறிவியல் அறையாக்க மச்சான் மூன்று வருஷமாகக் கேட்கிறார். தாளாளர் அதில் சிமெண்டு மூட்டை அடுக்கப் பார்க்கிறார். கடைசியில் தாளாளர் ஒரு முடிவு சொன்னாராம்: சனிக்கிழமை வருவேன், முழு உருப்படியாக ஒன்று நின்றால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் சிமெண்டுக்கு.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா. பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் பூட்டுவதும் கழற்றுவதும்தான் பிழைப்பு. ஊசி ஊசியாக ஒரு மெஷினைப் பிரித்துச் சேர்க்கிறவனுக்கு எலும்பு எம்மாத்திரம்?

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு போனேன். உடுமலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. காத்திருப்பது என் சுபாவமில்லை. தாராபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது சுற்று வழி. ஆறடிக் கம்பியைப் பார்த்ததும் கண்டக்டர் மறித்தார்.

"ஏனுங்க, இதென்னங்க?"

"ஓங்கிலுக்கு முதுகுத்தண்டுங்க. திமிங்கில ஜாதி."

"கொமரலிங்கத்துல திமிங்கிலமுங்களா? அமராவதி ஆத்துல முழங்கால் தண்ணிதான ஓடுது!"

கம்பிக்குத் தனி டிக்கெட், நாற்பது காசு. அவிநாசிபாளையத்தில் வெங்காயக் கூடையோடு ஏறிய ஒரு அம்மா பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மீனுக்குத்தான் முள்ளு இருக்குமே கண்ணு, கம்பி எதுக்கு?"

"மீன் இல்லீங்கம்மா. குட்டி போடும், பால் குடுக்கும்."

"கடலுக்குள்ளயா? பாலு தண்ணியில கரைஞ்சு போயிராது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாராபுரம் வரைக்கும் அந்தக் கேள்வி குடைந்தது. அங்கே இட்லி தின்று, அடுத்த பஸ் பிடித்து, பதினொன்றரைக்குக் கொமரலிங்கம் சேர்ந்தேன். இரண்டு பக்கமும் நெல் வயல். கடல் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து அறையில் மச்சான் சாக்கைக் கொட்டினார். வகுப்புக்குப் போகுமுன் ஏதோ விளக்க வந்தார். "நீங்க போங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். அங்கே ஆரம்பித்தது குழப்பம்.

முதலில் மண்டை ஓடு. மூக்கு ஓட்டை முகத்தில் இல்லை, உச்சியில் இருந்தது. நூல் பிடித்துப் பார்த்தால் நடுவிலும் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வழியில் நசுங்கியிருக்கிறது என்று நெருக்கிச் சரிசெய்யப் போனேன். இடைவேளைக்கு வந்த மச்சான் ஓடிவந்து கையைப் பிடித்தார். "அய்யோ! கோணல்தான் மாப்ளே அதுக்கு நேர்!" கழுத்தில் முதல் இரண்டு எலும்பும் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரை நுழைக்கப் பார்த்தேன். அதுவும் பிறவியிலேயே அப்படித்தானாம். வால் துடுப்புக்கும் முதுகுத் துடுப்புக்கும் எலும்பைத் தேடிச் சாக்கை உதறினேன். "அதுல எலும்பே கிடையாது. மீனா இருந்தா முள்ளு இருக்கும்" என்றார்.

பக்கத் துடுப்பைப் பரப்பியபோதுதான் என் வேலை நின்றது. மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, ஐந்து விரல். என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு விரலில் என்னுடையதைவிடக் கணு அதிகம். கையேதான்.

"அப்ப இது திமிங்கிலமா, டால்பினா? ஒண்ணு சொல்லுங்க மச்சான்."

"ரெண்டும்தான். திமிங்கிலத்துல பல் இருக்கறது ஒரு பிரிவு. பல்லுக்குப் பதிலா வாயில சல்லடை இருக்கறது இன்னொண்ணு. டால்பின் எல்லாம் பல் பிரிவு. ஆனா பல் இருக்கறதெல்லாம் டால்பின் இல்லை. கொலைத் திமிங்கிலம்னு ஒண்ணு, பேருதான் திமிங்கிலம், அது டால்பின் குடும்பம்."

"பேரு வெச்சவனைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். பால் விஷயமும் கேட்டேன். தாய் தசையை இறுக்கி நேராகக் குட்டியின் வாய்க்குள் பீச்சிவிடுமாம். பாலும் கெட்டியாக இருக்குமாம். அந்த அம்மாவின் கூடையைத் தேடிப்போய்ச் சொல்ல முடியாதே என்று எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை காலை மச்சான் தாளாளரைக் கூட்டிவர சைக்கிளில் கிளம்பினார். நான் கடைசி விலா எலும்பையும் கட்டி முடித்துத் திரும்பினால் தரையில் இரண்டு எலும்பு. பேனா நீளம், லேசான வளைவு. வாலுக்கடியில் வைத்தேன், சேரவில்லை. விலாவுக்குப் பின்னால் வைத்தேன், சேரவில்லை. இரண்டிலும் மூட்டு இல்லை. முதுகெலும்பிலும் அவற்றுக்கு இடம் இல்லை. பூட்டி முடித்து மிச்சம் இருந்தால் வேலை தப்பு என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதற்கு மறுபேச்சே இல்லை. ஆனால் எங்கே தப்பு? முழுக்கக் கழற்ற நேரமில்லை. வாசலில் பேச்சுக் குரல். இரண்டையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

தாளாளர் கரும்பு விவசாயி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலும் பங்கு. மெஷின் தெரிந்த ஆள். ஒரு சுற்று வந்து துடுப்பருகே நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, கை இருக்குதுங்க. காலு எங்கீங்க? பாதிச் சரக்கை அனுப்பீட்டாங்களாட்ட இருக்குதே. இது முழுசு இல்லீங்க."

போச்சு, சிமெண்டு வந்தாயிற்று என்று நினைத்தேன். மச்சான் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல.

"காலு போயிருச்சுங்க. இதோட முன்னோருங்க தரையில நடந்ததுங்க. தண்ணிக்குள்ள போனதுக்கப்புறம் காலு தேவைப்படலை. இடுப்பு மட்டும் துண்டாத் தங்கியிருக்குது. மாப்ளே, அந்த ரெண்டு எலும்பை எங்க மாட்டுன?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மச்சான் என்னிடமிருந்த பனியன் நூலை வாங்கிக் கட்டி, வால் ஆரம்பிக்கிற இடத்தில் தொங்கவிட்டார். எதையும் தொடாமல் அவை அந்தரத்தில் நின்றன.

"எதுலயும் ஒட்டலையே?" என்றார் தாளாளர்.

"ஒட்டாம சதைக்குள்ள கிடக்கறதுங்க. இதுதான் சரிங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் தம்பி பாக்கெட்டுல வெச்சிருந்தீங்க?"

"மிச்சம்னு நினைச்சனுங்க."

"திருப்பூர்ல மெஷின் பூட்டற வேலைன்னு வாத்தியார் சொன்னாரு. நம்ம கம்பெனி மெஷினைப் பூட்டுனதும் நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து அந்த இரண்டு எலும்பை மட்டும் ஆட்டியது. தாளாளர் ஒரு விரலால் அவற்றைத் தொட்டு நிறுத்தினார். "சிமெண்டை என்ற தோட்டத்து மோட்டார் ரூம்புல அடுக்கிக்கறேன். பசங்களுக்குக் காட்டுங்க."

நீங்கள் போவதானால் தாராபுரம் வழி வேண்டாம். காத்திருந்தாலும் உடுமலை பஸ்ஸே பிடியுங்கள். ஒன்றரை மணி நேரம் மிச்சம். ஆடியில் போனால் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள், காற்று அப்படி. அங்கிருந்து அமராவதி நகர் அணைக்கும் போய் வரலாம். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், முதலை உண்டு. பள்ளியில் கேட்டால் அறையைத் திறந்து காட்டுவார்கள். மண்டை கோணலாக இருக்கிறது என்று யாரும் நெருக்கிவிட வேண்டாம்.

திரும்பி வந்த திங்கட்கிழமை ஒரு கம்பெனியில் மெஷின் பூட்டி முடித்தேன். கீழே ஒரு வாஷர் கிடந்தது. கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தேன். இதற்கும் எங்காவது ஒட்டாத இடம் உண்டோ என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு ஸ்பேனரை எடுத்து, மெஷினை முதலிலிருந்து கழற்றினேன்.