மானாம்பதி கணினியின் சாவி எண்

இருசப்பன் அந்தக் கண் மருத்துவமனையில் சேர்ந்தது வேன் ஓட்டுவதற்காக. 2007ஆம் வருஷம். உத்திரமேரூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அது. சுற்றுப்பட்ட ஊர்களில் ஏழு பரிசோதனை மையங்கள் இருந்தன. காலையில் கண்புரை நோயாளிகளை ஏற்றிவந்து, மாலையில் கண்ணில் கட்டோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை.

மையங்களுக்குக் கணினிகள் வந்தபோது அவற்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனதும் அவர்தான். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு பொறியாளர் வருவார். அவருக்கு முதுகு வலி, மேசைக்கடியில் குனிய முடியாது. இருசப்பன் உள்ளே புகுந்து, அவர் சொல்லச் சொல்ல ஒயர்களைச் செருகுவார். ஏழெட்டு வருஷம் இப்படிப் போனதில் எந்த ஒயர் எதற்கு என்பது மட்டுமல்ல, பொறியாளர் எதைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார் என்பதுகூட அவருக்குத் தெரிந்துபோனது. பிறகு பொறியாளர் வருவது நின்றது. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் தமிழ்ச்செல்வி வேன் சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, "இனிமே கம்ப்யூட்டரெல்லாம் நீங்களே பாத்துக்குங்க இருசப்பன்" என்றார்.

படிப்பு பன்னிரண்டாம் வகுப்புதான். திரையில் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்தால் அதை அப்படியே கைப்பேசியில் அடித்து, உலகத்தில் வேறு யாருக்கெல்லாம் அது வந்தது, என்ன செய்தார்கள் என்று பொறுமையாகப் படிப்பார். நேரம் பிடிக்கும். ஆனால் விடமாட்டார். போன் செய்து தொல்லை கொடுப்பவர்களிடம் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

அவருக்குள் ஒரு பயம் மட்டும் இருந்தது. ஏதாவது தப்பாகிவிட்டால், "டிரைவர்தானே, அவனுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

2025ஆம் வருஷம் ஆகஸ்டில் பெரிய வேலை ஒன்று வந்தது. மருத்துவமனையில் எல்லாக் கணினிகளும் விண்டோஸ் பத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அக்டோபர் நடுவோடு அதற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். நோயாளிகளின் விவரம் இருக்கும் கணினிகளை அதன் பிறகும் அப்படியே இணையத்தில் விட்டுவைக்கக் கூடாது. மொத்தம் முப்பத்தெட்டு. பழசாகிப்போய் மாற்றவே முடியாதவை ஆறு. மீதி முப்பத்திரண்டையும் பதினொன்றுக்கு ஏற்ற வேண்டும்.

இருசப்பன் அவசரப்படவில்லை. முதலில் தன்னுடைய கணினி. ஒரு வாரம் அதிலேயே வேலை செய்து பார்த்தார். அடுத்து சீட்டுப் போடும் இடத்தில் இரண்டு. அங்கே பிரிண்டர் மக்கர் பண்ணியது, சரிசெய்தார். பிறகு வார்டு, மருந்தகம். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் நிர்வாகப் பக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. உத்திரமேரூரில் உட்கார்ந்தபடியே அதிலிருந்து ஆணை கொடுத்தால், எதிர்முனையில் கணினி தானே பதிவிறக்கி, தானே ஏற்றிக்கொண்டு, தானே அணைந்து எழும். மையங்களில் மட்டும் இணையம் மிக மெதுவு. அங்கெல்லாம் பென் டிரைவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் நேரிலேயே போனார்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு மானாம்பதி. மையத்தின் கண் பரிசோதகர் திலகா காலை ஒன்பது மணிக்கே வந்து திறந்து வைத்திருந்தாள்.

அந்தக் கணினிக்கு முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வந்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் சின்ன நிரல் அது. புதுப்பித்து மீண்டும் எழுப்பியபோது கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. பூட்டின் சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் பாதுகாப்புச் சில்லை அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. தகவல்கள் இருக்கும் வட்டு பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவி எண் இல்லாமல் கணினி திறக்காது என்றும் சொன்னது. இருசப்பன் முழுவதும் படித்தார். கையிலிருந்த கணினிப் பட்டியலைப் பார்த்தார். மானாம்பதிக்கு நேராக "வட்டுப் பூட்டு இல்லை" என்று இருந்தது. அழிக்கச் சொல்லி ஒய் பொத்தானை அழுத்தினார்.

நீலத் திரை வந்து நின்றது.

"இன்னாண்ணா, நீலமா நிக்குது?" என்றாள் திலகா.

"ஒரு நம்பர் கேக்குது. நாப்பத்தெட்டு இலக்கம்."

"அந்த நம்பர் நம்ம கிட்ட கீதா?"

அவர் கைப்பேசியில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். மற்றக் கணினிகளுக்கெல்லாம் சாவி எண் அங்கே இருந்தது. மானாம்பதிக்கு மட்டும் இல்லை. ஆனால் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பது அங்கே தெளிவாக இருந்தது. கையிலிருந்த பட்டியல் மூன்று வருஷத்துக்கு முந்தையது. அதையே நகலெடுத்து எடுத்துவந்திருந்தார். ஒவ்வொன்றையும் திரும்பச் சரிபார்க்கவில்லை.

"உள்ள போட்டோல்லாம் கீதேண்ணா" என்றாள் திலகா. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து வைப்பது மையத்தின் முக்கிய வேலை. "ஏப்ரலுக்கு அப்பால எதுவுமே மெயின் ஆஸ்பத்திரிக்குப் போவல. நெட்டு இழுக்கலன்னு ரெண்டு வாட்டி உங்க கிட்ட சொன்னேன்."

"சொன்ன. நான்தான் பாக்கல."

"வியாழக்கிழமை பச்சமுத்து வராரு. மே மாச போட்டோவ இப்போ எடுக்கறதோட வச்சிப் பாத்துதான் லேசர் போடறதா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணணும்."

இருசப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். வட்டை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் கணினி ஓடும். ஐந்து மாதப் படங்கள் போய்விடும். வேறு வழி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கணினியை முதன்முதலில் யாருடைய மின்னஞ்சலைப் போட்டுத் திறந்தார்களோ, அவருடைய கணக்கில் சாவி எண் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

அது யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

திலகாவுக்கு முன்னால் மானாம்பதி மையத்தில் இருந்தவள் ஷப்ரீன். உத்திரமேரூர் கடைத்தெருவில் பை, குடை விற்கும் இனாயத்துல்லாவின் மகள். 2021இல் அந்தக் கணினி ஒரு நன்கொடையாளரிடமிருந்து நேராக மையத்துக்கு வந்து இறங்கியது. ஷப்ரீன் அன்று காலை இருசப்பனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, ஆபீஸ் மெயில் இன்னும் வரல. ஆளுங்க வந்து குந்திகினு கீறாங்க, இன்னா பண்றது?" வேறொரு மையத்தில் வேலையாக இருந்த இருசப்பன், "இப்போதிக்கு உன் மெயிலப் போட்டு ஓப்பன் பண்ணிக்கோ. அப்பால நான் வந்து மாத்திக் குடுக்கறேன்" என்றார். அப்புறம் போகவில்லை. மறந்துபோனது.

அடுத்த வருஷம் நன்கொடையாளர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். நோயாளிகளின் விவரம் இருக்கும் கணினியில் ஒருவருடைய சொந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். அறிக்கை எழுத வேண்டியவர் இருசப்பன். அவர் எழுதினார்: "மைய ஊழியர் அனுமதியின்றித் தன் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தியுள்ளார்."

ஷப்ரீனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவள் விளக்கம் எழுதவில்லை. இரண்டு வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது அப்பா கடையின் ஒரு பாதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அந்த வழியாகத்தான் இருசப்பன் தினம் வேலைக்குப் போகிறார். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். இனாயத்துல்லா வெளியே குடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஷப்ரீன் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றாள். முன்பெல்லாம் அண்ணா என்பாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். நீலத் திரையைப் படம் பிடித்துவந்திருந்த கைப்பேசியை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"போட்டோ எத்தினி மாசத்துது?"

"அஞ்சு மாசம்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. தன் கைப்பேசியில் அந்தப் பழைய கணக்கைத் திறக்கப் பார்த்தாள். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது, புதிதாக மாற்றி உள்ளே போகக் கால் மணி நேரமானது. இடையில் ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டி, காதோரம் சரிசெய்து அனுப்பினாள். பிறகு பட்டியலில் மூன்று சாதனங்கள் தெரிந்தன. நீலத் திரையில் இருந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். இரண்டாவது பொருந்தியது.

"எழுதிக்குங்க" என்றாள்.

ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அவள் நிதானமாகப் படித்தாள். இருசப்பன் எழுதினார். ஐந்தாவது தொகுதியில் அவர் கை நின்றுவிட்டது.

"ஷப்ரீன், அன்னிக்கு உன் மெயிலப் போடுன்னு சொன்னதே நான்தான். அத நான் எழுதல. அனுமதி இல்லாமன்னு எழுதிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மீதிய எழுதுங்க சார்" என்றாள்.

எழுதி முடித்ததும் அவளே சீட்டை வாங்கி ஒருமுறை சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க சொன்னது எனக்குத் தெரியாதா? போன்ல கேட்டவளே நான்தானே. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? தெரியாதவங்க கிட்ட சொல்லுங்க."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க இல்லன்னு சொல்லியிருப்பீங்க. அத உங்க வாயால கேக்க எனக்கு இஷ்டம் இல்ல."

வெளியே குடை மாட்டிக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். இருசப்பன் தாண்டிப் போகும்போது அவர் வெறுமனே தலையை மட்டும் அசைத்தார்.

மானாம்பதியில் எண்களை அடிக்கும்போது திலகா ஒவ்வொரு தொகுதியாக வாசித்தாள். எட்டாவது முடிந்து என்டரைத் தட்டியதும் நீலம் மறைந்து, வழக்கமான திரை வந்தது. திலகா முதல் காரியமாகப் பச்சமுத்துவின் பெயரைத் தேடி, மே மாதப் படத்தைத் திறந்தாள். ஆரஞ்சு நிற வட்டத்துக்குள் ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து ஓடின. "கீதுண்ணா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அன்று அவர் புதிய விண்டோஸை ஏற்றவில்லை. படங்கள் எல்லாவற்றையும் தனி வட்டில் நகலெடுத்தார். இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். சாவி எண்ணை நிர்வாகப் பக்கத்தில் சேர்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்தார். மாலை நாலரைக்கு வெளிநோயாளிகள் முடிந்ததும் டாக்டர் தமிழ்ச்செல்வியின் அறைக் கதவைத் தட்டினார்.

பட்டியலைச் சரிபார்க்காததைச் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு படங்கள் வராமல் இருந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு 2021ஆம் வருஷத்துப் போன் பேச்சையும் சொன்னார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அனுமதியின்றின்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அனுமதி குடுத்தது?"

"நான்தாம்மா."

"ஏன் இருசப்பன்?"

"டிரைவர்தானேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேம்மா."

"இந்த ஆஸ்பத்திரியில யாராவது உங்கள அப்படிச் சொன்னாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பதினெட்டு வருஷம். "இல்லம்மா. யாரும் சொல்லல."

"அந்தப் பொண்ணு அஞ்சு வருஷம் வேலை பாத்தா. அவகிட்ட விளக்கம் கேட்டுக் கையெழுத்துப் போட்டது நான். நானும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல." டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. பழைய அறிக்கைக்கு மேல வச்சிக் கோக்கணும்."

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினார். போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருடைய கோப்பில் ஏறியது. இனி எந்தக் கணினியில் கை வைப்பதானாலும் சாவி எண்ணும் நகலும் இருப்பதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட திலகாவை நியமித்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் போடுவதில்லை. ஒருநாள் சும்மா போட்டுவிடச் சொல்லி இருசப்பன் கேட்டதற்கு, "பேஜார் வேணாண்ணா, காட்டுங்க" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பச்சமுத்து வந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கசிவு கூடியிருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே லேசர் போட்டார்கள்.

ஷப்ரீனுக்கு டாக்டர் தமிழ்ச்செல்வியே கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, விருப்பமிருந்தால் திரும்ப வரலாம் என்று சொல்லியிருந்தார். அவள் வரவில்லை. கடை நன்றாக நடக்கிறது, அனுபவச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் போதும் என்று பதில் எழுதினாள். மூன்று வருஷமாக அதை யாரும் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை, அவளும் வந்து கேட்டிருக்கவில்லை. சான்றிதழை இருசப்பன்தான் கொண்டுபோனார். அவள் நின்றபடியே படித்தாள்.

"இத யாரு டைப் பண்ணாங்க?"

"நான்தான்."

"பேர்ல ஒரு எழுத்து வுட்டுட்டீங்க சார்."

அவர் எட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விடுபட்டுத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு போய், மறுபடி அடித்து, டாக்டரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி, மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் பத்தாம் தேதி, கெடுவுக்கு நான்கு நாள் முன்னால், கடைசிக் கணினி முடிந்தது. தென்னேரி மையம். ஏற்றி முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மையத்துப் பரிசோதகர் சசிரேகா வந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கீழ வரிசையா கீற குட்டிப் படமெல்லாம் நடுவுல வந்து நிக்குது? பழையபடி ஓரமா வராதா?"

"வரும்" என்றார் இருசப்பன். அமைப்புகள் பகுதிக்குள் போய் அவற்றை ஓரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். சசிரேகா உட்கார்ந்து, வெளியே காத்திருந்த முதல் ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.