என் மாமியாரின் தம்பி

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில், நீலப் பேனாவால் ஒரே ஒரு கோடு இழுத்து, என் அக்காவுக்கு நான் தம்பியே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

நானும் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டேன். அதுதான் கொடுமை.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். மூன்று வாரமாக எண்ணெய் வாசனை பட்டாலே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எங்கள் வீடு புனேவில், வாகட் பகுதியில், நான் நடத்தும் மெஸ்ஸுக்கு நேர் மேலே. கீழே தினமும் காலையில் நான் வடை சுடுகிறேன். பாவம், அவள் எங்கே ஓடுவாள்?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை விட்டால் அவர் வெளியூர் போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகும். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் இன்ஷூரன்ஸ் அனுமதி வந்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் என் மனைவி செல்வியுடையது. அவள் ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறாள். அங்கே ஊழியரின் அம்மா அப்பாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அக்காவைச் செல்வியின் அம்மா என்று சேர்த்திருந்தோம்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். ஆபரேஷன் என் அக்காவுக்கு. அவளே செல்விக்கு அம்மா. புரிந்துவிட்டது, இல்லையா?

ஆமாம். நான் அக்கா மகளைக் கட்டியவன். தமிழில் மூன்று சொல். கேட்டவர் ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்கப் போய்விடுவார்.

இதையே இங்கிலீஷ் ஃபாரத்தில் சொல்ல வேண்டும் என்றால்?

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மிச்சத்தை மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்கள் பேசும்போது காதில் வாங்கிக்கொள்வேன். அவர்களுக்கும் இதே திண்டாட்டம்தான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ‘என் கோ-பிரதர் வீட்டுக் கல்யாணம்’ என்று லீவு கேட்டாராம். வெளிநாட்டு மேனேஜர், ‘நீங்கள் சேர்ந்து என்ன பிசினஸ் செய்கிறீர்கள்?’ என்று கேட்டாராம். சகலை என்று ஓர் ஆள் உலகத்தில் இருப்பதே அந்த மேனேஜருக்குத் தெரியவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே நானும் சிரித்தேன். நமக்கு வராது என்ற நினைப்பு!

வந்தது.

சிஞ்ச்வட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. செல்விக்கு மாதக் கடைசி வேலை. சாயந்திரம்தான் வர முடியும். நானும் அக்காவும் மட்டும் போயிருந்தோம். அட்மிஷன் ஃபாரத்தில் கல்யாண விவரம் கேட்டு நாலு கட்டம் – மேரிட், சிங்கிள், டைவர்ஸ்டு, விடோ. அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் அக்கா எங்களோடு வந்துவிட்டாள். நாலாவது கட்டத்தில் டிக் அடிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தும் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

அடுத்து, கூட வந்திருப்பவர் பேஷன்ட்டுக்கு என்ன உறவு? யோசிக்கவே இல்லை. ‘பிரதர்’ என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும் சில இங்கிலீஷ் வார்த்தைகளில் அது ஒன்று.

ஃபாரம் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்குப் போனது. அங்கே ஓர் இளம்பெண். இந்த ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்பின் தெரியாத பெண்ணும் ‘தாயி’ – அதாவது அக்கா. முன்பின் தெரியாத ஆளும் ‘காகா’ – சித்தப்பா. அந்தப் பெண் ஹிந்தியும் மராத்தியும் கலந்து பேசினாள். தமிழில் தருகிறேன்.

“காகா, இங்க பாருங்க. பேஷன்ட்டோட பொண்ணு செல்வி. செல்வியோட ஹஸ்பண்ட் பேரு உங்க பேரு. பேஷன்ட்டோட பிரதர் பேரும் உங்க பேரு. ரெண்டுல ஒண்ணு தப்பு.”

வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். மூடிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? புனேவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் செல்வி இந்த உறவைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. மராத்தியிலும் மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர்தான். மாமா மகளைக் கட்டுவது இவர்களிலும் சில குடும்பங்களில் உண்டு. மாமாவையே கட்டுவது கிடையாது. அன்றிலிருந்து நான் வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அக்கா ஊரிலிருந்து வந்தபோது, ‘மாமியார் வந்திருக்கிறார்’ என்றுதான் தெருவில் சொன்னேன். பொய்யில்லையே!

“தப்புதான் தாயி” என்றேன்.

அந்தப் பெண் ‘பிரதர்’ மேல் கோடு இழுத்தாள். மேலே ‘சன்-இன்-லா’ என்று எழுதினாள். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். என்னைக் கண்ட முதல் நிமிஷத்தில் தனக்குச் சித்தப்பா ஆக்கிக்கொண்டவள், சொந்த அக்காவுக்கு நான் தம்பி என்பதை மட்டும் நம்பவில்லை.

“அடிச்ச இடத்துல பேஷன்ட் கையெழுத்து வேணும் காகா.”

அக்காவிடம் ஃபாரத்தை நீட்டினேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

“என்னத்த அழிச்சா அவ?”

“ஒண்ணுமில்லக்கா. தம்பின்னு எழுதியிருந்தேன். மருமகன்னு மாத்திட்டாங்க. ஒரு கையெழுத்துப் போடு.”

“தம்பிங்கத எதுக்கு அழிக்கணும்?”

“ரெண்டும் ஒரே ஆளுன்னா ஒத்துக்க மாட்டாங்களாம்.”

“அப்பம் மருமகன அழிக்கச் சொல்லுங்க.”

“அக்கா, அஞ்சு மணிக்குள்ள போகணும். வலிக்குதுல்லா உனக்கு?”

“வலிக்கட்டும். மருமகன் நேத்து வந்தவரு. தம்பி எங்கம்மா வயித்துல இருக்கும்போதே எனக்குத் தெரியும். அழிச்சிட்டு அதுல நானே கையெழுத்துப் போடணுமாக்கும்? மாட்டேன்.”

பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆச்சரியத்தைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். கல்யாணம் வரை அவளுக்கு நான் ‘ஏல’தான். ஏல, தண்ணி எடுத்தா. ஏல, அழுக்குச் சட்டையக் கழட்டு. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்கும் எனக்கும் நிச்சயமான அன்று சாயங்காலம், “இனிமே ஏலன்னு கூப்பிட மாட்டேன். நாலு பேரு என்ன சொல்லுவாவ?” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில், “தம்பி, வாங்க, உக்காருங்க” என்றாள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து வாங்க, போங்கதான். நான் கட்டிலில் உட்கார்ந்தால் அவள் எழுந்து நாற்காலிக்குப் போய்விடுவாள். நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். ‘விடுக்கா, இந்த ஊரில் நம்மைத் தெரிந்த நாலு பேரே கிடையாது’ என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதில்லை. நல்ல மாமியார்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்கா எங்கேயோ போய்விட்டாள் என்றே நானும் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த அக்கா ஓர் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வலியோடு, என்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். நானோ ஒரே நிமிஷத்தில் அவளை விட்டுக்கொடுத்திருந்தேன்.

மணி மூன்றரை. செல்விக்குப் போன் போட்டேன்.

“உங்கம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது.”

விஷயத்தைக் கேட்டாள். “உள்ளதச் சொல்லிட வேண்டியதுதான மாமா? என்னத் திருடிக்கிட்டா வந்திய?”

“பின்னால பத்துப் பேரு நிக்காங்க செல்வி. வெக்கமா இருக்கு.”

“கல்யாணத்துக்கு ஐநூறு பேரு நின்னாங்க. அப்பம் எங்க போச்சு இந்த வெக்கம்?”

போனை வைத்துவிட்டாள்.

மறுபடி கவுன்ட்டருக்குப் போனேன். “தாயி, ரெண்டும் சரிதான். இவங்க என் கூடப்பிறந்த அக்கா. என் பெண்டாட்டி இவங்க பெத்த மக.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

“நீங்க... செல்விக்கு மாமாவா?”

“ஆமா.”

“சொந்த மாமாவா?”

“சொந்த மாமா.”

“அரே தேவா!”

என் காது இரண்டும் சூடேறியது. எனக்கு நேர் பின்னால் எக்ஸ்ரே கவரோடு நின்ற பெரியவர் மெதுவாக முன்னால் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கணக்குப் போட்டார்.

“அப்படின்னா உன் அக்காதான் உனக்கு மாமியார்?”

“ஆமாங்க.”

“ஐயோ பாவம்! மாமியாரைப் பத்திக் குறை சொல்லணும்னா நீ எந்த அக்காகிட்டப் போவே?”

வரிசை சிரித்தது. அந்தப் பெண் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அக்காவும் சிரித்தாள். நான் மட்டும் ஏன் விறைப்பாக நிற்க வேண்டும்? சிரித்துவிட்டேன். இருபது வருஷம் பொத்திப் பொத்தி வைத்த விஷயம்... வெளியே விட்டால் அரை நிமிஷச் சிரிப்பு. அவ்வளவுதான் அதன் எடை.

அந்தப் பெண் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்தாள். “அவங்க ஊர் வழக்கம்னா அப்படியே எழுதி வாங்கிக்கோன்னு சொல்றாரு. புது ஃபாரம் போட்டுடலாம் காகா. கோடு போட்டது வேண்டாம்.” நான் சொல்லச் சொல்ல அவளே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாள். இன்னார் பேஷன்ட்டுக்கு பிரதர். அவரே சன்-இன்-லாவும்கூட. செல்வி கல்யாண சர்ட்டிஃபிகேட்டைப் போனில் அனுப்பினாள்.

“பிரதர் முதல்லதான இருக்கு?” என்று அக்கா என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். பேச்சியம்மாள்.

ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அனுமதி வந்தது.

வழக்கம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் மகளுக்கு அப்படியொரு பேச்சையே நாங்கள் எடுக்கப் போவதில்லை. நாளைக்கு அவள் ஃபாரம் நிரப்பும்போது ஓர் ஆளுக்கு ஓர் உறவுதான் இருக்கும். கோடு போட வேண்டியிருக்காது. நல்லதுதான். ஆனால் எங்கள் அக்காவே அவளுக்கு ஆச்சி, அவளே அத்தை – ஒரே மடியில் இரண்டு பேர். அந்த வசதி அவள் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் கற்களைக் கொண்டுவந்து காட்டினார். கொத்தமல்லி விதை அளவில் ஏழெட்டு. இதற்கா இத்தனை பாடு!

மத்தியானம் அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். செல்வியும் வந்திருந்தாள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. கண் பாதி திறந்திருந்தது. நர்ஸ் கன்னத்தைத் தட்டி, என்னைக் காட்டி, “ஆஜி, யாரு இது? சொல்லுங்க, யாரு?” என்று ஹிந்தியில் கேட்டாள். ஆஜி என்றால் பாட்டி. நினைவு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காம்.

அக்கா என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம். உதடு காய்ந்திருந்தது.

“ஏல...” என்றாள். “சாப்ட்டியால?”

செல்வி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தச் சொல்லைக் கேட்டும் இருபத்து மூன்று வருஷம் ஆயிற்றே.

“என்ன சொல்றாங்க?” என்று நர்ஸ் கேட்டாள்.

“பிரதர்னு சொல்றாங்க” என்றேன்.

அன்று மத்தியானம் முழுக்க ஏலதான். ஏல, அந்த ஃபேனக் கொற. ஏல, நிக்காத, இங்கன உக்காரு என்று கட்டிலையே தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் எழுந்து நாற்காலிக்குப் போகவில்லை. போக முடியாது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் ஃபிளாஸ்க்கோடு உள்ளே நுழைந்தேன். அக்கா முகம் கழுவி, திருநீறு பூசி, சேலையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க தம்பி. காப்பி குடிச்சியளா?”

மயக்கம் நன்றாகத் தெளிந்துவிட்டது... என் மாமியார் வந்துவிட்டார்.