சேவல் கொண்டை வைத்த பறக்கும் யந்திரம்

நான் வயதுக்கு வந்த வாரத்தில்தான் என் காமிக்ஸ் புத்தகங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். "பெரிய புள்ளையாயிட்டே, இன்னும் என்ன பொம்மப் பொஸ்தகம்?" என்றார், அடுப்பில் போட்டார். தம்பியின் புத்தகங்களைத் தொடவில்லை. ஆனால் அவன் வைத்திருந்ததெல்லாம் துப்பறியும் கதை. எனக்கு அது ஆகாது.

அப்போது நான் பாதியில் வைத்திருந்தது ஒரு ராஜகுமாரி கதை. தன் கையாலேயே பித்தளையில் பறக்கும் யந்திரம் செய்து, அதற்கு ஒரு சேவல் கொண்டையும் வைத்து, பச்சைச் சந்திரனுக்குப் போய்விடுவாள். அங்கே இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கும் காவலன் ஒருவன், அவள் திரும்ப யந்திரத்தில் ஏறுகிற நேரம் பார்த்து வாலால் காலைச் சுற்றி இழுப்பான். அதோடு நின்றது. நான் அழவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் தப்பித்தாளா இல்லையா என்று தெரியாமலே எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது, கல்யாணம் ஆனது, நாமக்கல்லில் லாரி ஓட்டித் தொழில் செய்தவர் வீட்டுக்கு வந்து ஒரு பிள்ளையும் பெற்றேன். பழைய புத்தகக் கடை கண்ட இடமெல்லாம் கேட்டேன். "பையனுக்குங்களா?" என்பார்கள். எனக்குத்தான் என்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பையனுக்குக் காது வலி என்று அஸ்தம்பட்டி டாக்டரிடம் காட்டப் பஸ்ஸில் போனோம். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் நின்ற லாரியின் பின்பலகையைப் பார்த்ததும் எழுந்தே விட்டேன். அதே யந்திரம், அதே கொண்டை, காலில் சுற்றிய வால். ஓரத்தில் பெயிண்டர் தன் பெயரோடு பட்டறையின் பெயரையும் எழுதியிருந்தார். நாமக்கல் பட்டறைதான்.

"என்ன புள்ளே?" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம புது லாரிக்கும் இவருதான் பெயிண்ட் அடிக்கோணுமுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். புது லாரிக்குப் பாடி கட்டி முடிந்ததும் வண்டி பெயிண்ட் அடிக்க அந்தப் பட்டறைக்கே போனது. கூடவே நானும் போனேன். பெண்பிள்ளைகள் வருகிற இடம் இல்லை என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த ராஜகுமாரி படத்தை எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். பெயிண்டர் ஒரு தகர டப்பாவிலிருந்து அதே காமிக்ஸ் புத்தகத்தை எடுத்தார். படங்களைப் பலகையில் பெரிதாக்கி வரைவதற்காகப் பக்கமெல்லாம் பென்சிலில் கட்டம் போட்டிருந்தார். "தொழில் பண்ற பொஸ்தகமுங்கக்கா, குடுக்க முடியாதுங்க" என்றார். இங்கேயே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லி மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ராஜகுமாரி வாலை வெட்டித் தப்பிக்கிறாள். ஊருக்கு வந்து சேர்கிறாள். அங்கே ராஜா சந்தோஷப்பட்டு யந்திரத்தைத் தளபதிக்குப் பரிசாகக் கொடுத்து, மகளையும் அவனுக்கே கட்டிவைக்கிறார். கடைசிப் படத்தில் தளபதி ஓட்டுகிறான். அவள் கழுத்தில் மாலையோடு, தலையைக் குனிந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தனை வருஷம் தேடியது இதற்கா! புத்தகத்தோடு எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பின்பலகைக்குப் பசுவும் கன்றும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பசு வேண்டாமுங்க. இவளைப் போடுங்கண்ணா. இவ மட்டும். மாலை கூடாது, இவளே ஓட்டறாப்ல."

"அப்பிடிப் படம் பொஸ்தகத்துல இல்லீங்களே அக்கா."

"இல்லாட்டி என்னங்க, நான் சொல்றனே."

"ரோட்டுல சிரிப்பாங்க புள்ளே" என்றார் வீட்டுக்காரர்.

"சிரிச்சா, பின்னால வர்ற வண்டிக்காரந்தானே சிரிப்பான்."

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் அவள் தலையை நிமிர்த்தி வரைந்தார், கையில் ஸ்டியரிங்கும் கொடுத்தார். பிறகு, "எதுத்தாப்ல என்னங்க போடறது, அரமனையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். வானம் மட்டும்."

வீட்டுக்காரர் பலகைக்குக் கிட்டே வந்தார். "அப்பறம் இவ எங்கதான் போறா?"

"அது அவளுக்குத் தெரியுமுங்க. நீங்க போயி இன்னொரு டப்பா நீலம் வாங்கிட்டு வாங்க."